ஏறியபோது வலிக்காத தொடை இறங்கிய பிறகு வலிப்பது ஏன்?

நடைப்பிரியன்:
வயது 53. பத்து வருடமாகத் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் பழுது. பன்னிரண்டு மாடி, மூன்று முறை ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்குவது சுகமாகவே இருந்தது. அன்று ஒரு வலியும் இல்லை. இன்று செவ்வாய், நாற்காலியில் உட்காரக்கூடக் கைப்பிடி தேவைப்படுகிறது. இத்தனை வருட நடை எங்கே போயிற்று?

மாடிவீட்டுக்காரர்:
உழைத்த தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பழைய இயன்முறைக்காரன்:
அந்த அமிலத்தின் மேல் இன்னும் எத்தனை காலம் பழி போடுவீர்கள்? ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்திலேயே அது பெரும்பாலும் வடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அமிலம் செவ்வாய்க்கிழமை வந்து வலிக்காது.

ஐயா, குற்றவாளி நீங்கள் சுகம் என்று நினைத்த இறக்கம்தான். படி ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இறுக்கிப் பிடித்தபடியே நீள வேண்டும். நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டி மெல்ல மெல்லக் கிணற்றில் இறக்குவது போல. தசையிழைக்குள் சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சார்கோமியர்கள் என்னும் சுருங்கும் அலகுகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அவற்றில் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால்தான் தசை சுருங்குகிறது. (1954இல் இதைச் சொன்ன இரு ஆய்வுக் குழுக்களிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஆளுக்கொருவர், இருவரும் உறவினர் அல்லர்!) பிடி விடாமல் இழுபடும்போது வலுக்குறைந்த சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு குலைகின்றன. அதைச் சீர்செய்ய உடல் முனையும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. உச்சம் பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள்.

நடை வீண்போகவில்லை. சமதள நடையில் பெரும்பாலும் உழைப்பவை மெதுவாகச் சுருங்கும் மெதுவிழைகள். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் புரதத்தால் சிவந்த அவை லேசில் களைப்பதில்லை. ஆனால் இப்படித் தாங்கி இறக்கும் வேலையை உங்கள் தொடைக்கு அந்த நடை அதிகம் கொடுத்ததே இல்லை.

நடைப்பிரியன்:
அப்படியானால் படுத்தே கிடக்கவா?

பழைய இயன்முறைக்காரன்:
வேண்டாம், மெதுவாக நடங்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இரண்டு வாரம் கழித்து இதே படிகளில் இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது.

நடைப்பிரியன்:
லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள். வலி போனதும் இரண்டு மாடி மட்டும் இறங்கிப் பார்க்கிறேன், கைப்பிடியை விடாமல்.