ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதம் வந்தால் உள்ளே குத்துகிற அந்த ஒன்று: உங்களுக்கு எது?

ஜாம்பஜார்வாசி

ஷஅபான் பாதியில் வரும் பராஅத் இரவில் எல்லாரும் அனுப்புவோமே, அந்தச் செய்திதான். "தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனம் நோக நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள், ரமலான் வருகிறது." யாரோ எனக்கு அனுப்பியதை அப்படியே வாட்ஸ்அப்பில் இருந்த எல்லாருக்கும் தட்டிவிட்டேன். மச்சான், மாமி, தண்ணி கேன் போடுகிறவர், ஸ்கூல் வேன் டிரைவர் வரைக்கும். இஷா தொழுகை முடிந்து குர்ஆனின் யாசீன் சூரா ஓத உட்கார்ந்தேன். மடியில் போன் அதிர்ந்தது. ஒரே வரி: "எதுக்கு பாய்?"

அனுப்பியவன் என் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்த பையன். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போன் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் கல்லாவில் 1,800 ரூபாய் குறைந்தது. நான் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. "பையைக் காட்டுடா" என்றேன், அவ்வளவுதான். கஸ்டமர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, நான் கேட்காமலேயே சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டினான். லெமன் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு. மறுநாளிலிருந்து வரவில்லை. ஆறு மாசம் கழித்து டிராயரைக் கழற்றினால் பின்பலகை இடுக்கில் மூன்று ஐநூறும் மூன்று நூறும்.

அவன் நிஜமாகவே தெரியாமல் கேட்டானா, தெரிந்துதான் கேட்டானா? நீல டிக் விழுந்துவிட்டது, நான் ஒன்றும் எழுதவில்லை. போன ரமலானில் ஒரு நோன்பு விடவில்லை, 27-ஆம் கிழமை இரவு விடிய விடிய தொழுகையில் நின்றேன். துஆவுக்குக் கையேந்தினால் அந்த டப்பாதான் வருகிறது. இந்த வருஷம் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை.

பல்லாவரம் லாத்தா

என்னுடையது மனுஷருக்குத் தர வேண்டிய பாக்கி இல்லை, நோன்பு பாக்கி. ராயப்பேட்டை வாடகை வீட்டில் இருந்தபோது, விட்ட நோன்பையெல்லாம் அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். மாசாமாசம் வருகிறது, அப்புறம் இரண்டு பிள்ளைப்பேறு, பால் கொடுத்த காலம். விட்டதைத் திருப்பி, களாவாகப் பிடித்தால் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு. வீடு மாறுகிற அவசரத்தில் அதை எழுதி எடுத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை. கதவு அங்கேயே நின்றுவிட்டது.

ஷஅபான் பிறந்ததும் வயிற்றில் புளி கரைத்தது. நபியின் மனைவி ஆயிஷா நாயகியே முன் ரமலானில் விட்டதை ஷஅபானில்தான் பிடிக்க முடிந்தது என்று சொன்ன ஹதீஸைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டிருந்தேன். கணக்கே இல்லாமல் எதைப் பிடிப்பது? கடைசியில் கூச்சத்தை விட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். இப்போது குடியிருப்பது ஒரு மாமி, நெற்றி நிறையக் குங்குமம். விஷயத்தைச் சொல்லத் தெரியாமல், "உங்க அலமாரிக் கதவைக் கொஞ்சம் பார்க்கணும்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனால் அடுப்படி முழுக்கப் புதுப் பெயின்ட், வெளிர் பச்சை. எனக்கு உயிரே போய்விட்டது. மாமி கதவைத் திறந்தார். உள்பக்கம் மட்டும் பழைய பழுப்பு, என் கோடுகளைச் சுற்றி அளவாகக் கட்டம் கட்டி விட்டிருந்தது.

"பால் கணக்கோன்னு நெனைச்சேம்மா. யாராவது வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு அதை மட்டும் அடிக்க வேண்டாம்னுட்டேன்" என்றார். எண்ணிப் பார்த்தால் குறுக்குக் கோடு விழாதது 61. அழுதுவிட்டேன். அவருக்குக் கடைசி வரை எதற்கு என்று புரியவில்லை, காபி கொடுத்தார். அன்றைக்கு நான் களா நோன்பு. அதைச் சொன்னதும் டம்ளரைச் சட்டென்று புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார், நான் பார்த்தாலே நோன்பு முறிந்துவிடும் என்பது போல.

பெரியமேடு 68

முதலில் ஜாம்பஜார் தம்பிக்கு. பராஅத் இரவில் ஆயுளுக்கு ஒன்று, பிழைப்பான ரிஸ்குக்கு ஒன்று, துன்பமான பலாய் நீங்க ஒன்று என்று மூன்று யாசீன் ஓதுவதற்கு நபிவழியில் ஆதாரம் கிடையாது. அந்த இரவைப் பற்றிய ஹதீஸ்களிலேயே எது பலம், எது பலவீனம் என்று மார்க்க அறிஞர்களான உலமாக்களுக்குள் பேச்சு உண்டு. மன்னிப்புக் கேட்கத் தேதி எதற்கு? முஃப்லிஸ், அதாவது மறுமையில் திவாலானவன் பற்றிய ஹதீஸ், முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வருவான். ஆனால் ஒருத்தனைத் திட்டியிருப்பான், ஒருத்தன் மேல் பழி போட்டிருப்பான். நன்மையெல்லாம் அவர்களுக்குப் பங்கு போய், அதுவும் பற்றாமல் அவர்கள் பாவம் இவன் தலையில் ஏறும். "பையைக் காட்டுடா" என்பது பழிதான் தம்பி. திருடன் என்ற வார்த்தையைச் சொல்லாததால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

லாத்தாவுக்கு: நீங்கள் எந்தச் சட்டப் பிரிவு, ஷாஃபியா ஹனஃபியா? ஷாஃபி என்றால், தக்க காரணம் இல்லாமல் அடுத்த ரமலானையும் தாண்டவிட்ட நோன்புக்குக் களாவோடு ஒரு முத்து, அதாவது இரு கை அள்ளும் அளவு தானியம் ஏழைக்கு ஃபித்யாவாகக் கொடுப்பதும் சேரும். ஹனஃபியில் களா மட்டும். பிள்ளைப்பேறு, பால் கொடுத்தது தக்க காரணமா என்பதை உங்கள் மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. உடம்பைப் பழக்காமல் மனதைப் பழக்க முடியாது. நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவன் முதல் நோன்பன்று பிற்பகல் அசர் தொழுகைக்குள் தலைவலியில் வீட்டில் இருப்பவர்களைக் கடித்துக் குதறுவான், அப்புறம் என்ன இறையச்சம், தக்வா? ஷஅபான் முதல் வாரம் டீ நான்கு, அடுத்த வாரம் மூன்று, கடைசியில் விடியல் சுபுஹுக்கு முன்னால் ஒன்று, அந்தி மக்ரிபுக்குப் பின்னால் ஒன்று. நபி ரஸூலுல்லாஹ் ரமலானுக்கு அடுத்தபடி அதிகம் நோன்பு வைத்தது ஷஅபானில்தான், திங்கள் வியாழன் வையுங்கள். ஆனால் ரமலானுக்கு முந்திய ஓரிரு நாளில் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது, அதற்குத் தடை இருக்கிறது. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் இப்போதே டாக்டரைப் பாருங்கள், தலைப்பிறை அன்று ராத்திரி ஓடாதீர்கள். விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்கு உப்புக் கருவாடு வேண்டாம்.

என் கதை சின்னது. 2020, ஊரடங்கு, பள்ளிவாசலெல்லாம் பூட்டு. வீட்டில் நான்தான் ரமலான் இரவுத் தொழுகை தராவீஹ் தொழவைத்தேன். எனக்குத் தெரிந்தது குர்ஆனின் கடைசிப் பத்து சூரா. திருப்பித் திருப்பி அதையே ஓதினேன். ஏழாம் நாள் ஸலாம் கொடுத்ததும் பேத்தி கேட்டாள், "நன்னா, உங்களுக்கு இவ்வளவுதானா?" தோல் வியாபாரத்தில் நாற்பது வருஷம், நூறு பார்ட்டியின் கணக்கு மனப்பாடம்.

பீட்டர்ஸ்ரோடு பேரன்

68 பாய், உங்கள் பேத்தி கேட்டது உங்கள் மூன்று பத்தி அட்வைஸை விட நன்றாக இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் ஷபே பராத், அதாவது அந்தப் பராஅத் இரவு என்றால் அல்வா, தொழுகை, அடக்கஸ்தலமான கபர்ஸ்தான். ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு வாதாடத் தெரியாது. அந்த இரவு இல்லையென்றால் எனக்கு இது நடந்திருக்காது.

அப்பாவின் தம்பி சாச்சாவும் நாங்களும் பேசி ஒன்பது வருஷம். வீட்டுப் பாகம், வேறென்ன. போன வருஷம் ராயப்பேட்டை கபர்ஸ்தானில் அப்பாவின் அப்பா, தாதாவின் கபுருக்குப் போகிறேன், அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். தொப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையில் சின்ன யாசீன் புத்தகம், முகத்துக்கு ஒட்டி வைத்துத் திணறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். நான் போன் டார்ச்சைப் போட்டுப் பக்கத்தில் நின்றேன். நிமிரவில்லை. யார் என்று தெரிந்திருக்கும், என் இருமல் அவருக்குத் தெரியும். யாசீனின் 83 வசனமும் முடிகிற வரை பிடித்திருந்தேன், கை மரத்துப்போய் மாற்றிப் பிடித்தேன். ஒரு இடத்தில் வெளிச்சம் ஆடியபோது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து நேராக்கினார். முடிந்ததும் துஆ, அப்புறம் அவர் ஒரு வாசல், நான் ஒரு வாசல்.

ஸலாம் சொல்லியிருக்கலாம். பைக் சாவி போடுகிற வரைக்கும் வாயில் இருந்தது.

கடைசிப்பெட்டி

நான் ஹாஃபிழ், குர்ஆனை மனப்பாடம் செய்தவன், ஆனால் பகலில் கணினி வேலை. எங்களுக்கெல்லாம் ரமலான் இரண்டு மாசம் முன்னால் ரஜபிலேயே ஆரம்பித்துவிடும். 27-ஆம் இரவில் முழுக் குர்ஆனையும் கத்தம் முடிக்க வேண்டும் என்றால் நாளைக்கு ஒரு ஜுஸுக்கு, முப்பதில் ஒரு பாகத்துக்கு மேல் நின்று ஓத வேண்டும். பதினோரு மாசம் சும்மா இருந்துவிட்டுப் போய் நின்றால் பின்னால் இருக்கிற ஹாஃபிழ் எடுத்துக்கொடுத்தே தொண்டை வற்றிவிடுவார். அதனால் தாம்பரம் டு பீச் ரயில்தான் எனக்கு மதரஸா.

ஒரு நாள் கிண்டி தாண்டி மெதுவாக ஓதிக்கொண்டிருந்தேன். வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற ஆயத், குர்ஆன் வசனம். அது இரண்டு இடத்தில் வரும், ஹாஃபிழ்களுக்கெல்லாம் கண்ணிவெடி. அன்ஆம் சூராவில் "நர்ஸுகுகும் வஇய்யாஹும்", உங்களுக்கும் அவர்களுக்கும் நாமே உணவளிக்கிறோம். இஸ்ரா சூராவில் "நர்ஸுகுஹும் வஇய்யாகும்", அவர்களுக்கும் உங்களுக்கும். முதலாவது வறுமையில் கிடப்பவனிடம் பேசுவது, அதனால் அவன் சோறு முதலில். இரண்டாவது, பிள்ளை பிறந்தால் வறுமை வந்துவிடுமோ என்று பயப்படுகிறவனிடம், அதனால் பிள்ளையின் சோறு முதலில். நான் மாற்றி ஓதியிருக்கிறேன். ஊக்கு, ரேஷன் கார்டு கவர் விற்றுக்கொண்டு வந்த பெரியவர் என் முன்னால் நின்றார். பார்வை இல்லாதவர், தோளில் பை. "தம்பி, அன்ஆமா இஸ்ராவா?" என்றார். அன்ஆம் என்றேன். "அப்ப குகும் முன்னாடி" என்றார். சைதாப்பேட்டையில் கூட்டம் ஏறியது. "ஊக்கு பத்து ரூபா, பத்து ரூபா" என்று குரல் நகர்ந்து போனது.

அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. தராவீஹில் அந்த இடம் வந்தால் தானாக நிதானிக்கிறேன். ஒரு அட்டை ஊக்காவது வாங்கியிருக்கலாம்.

மயிலாப்பூர் மாடி

நான் நோன்பு வைப்பவன் இல்லை, ஓரமாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ராதாகிருஷ்ணன் சாலை சூஃபிதார் அமைப்பிலிருந்து திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கச் சாப்பாடு போகிறது இல்லையா, சிந்துவிலிருந்து பிரிவினையில் வந்தவர் ஆரம்பித்தது. ஒரு வருஷம் பரிமாறப் போனேன். தலையில் தொப்பி வைத்துவிட்டார்கள். பாங்கு சொல்ல இரண்டு நிமிஷம், எல்லார் முன்னாலும் தட்டு நிறைய, ஒருத்தரும் தொடவில்லை. எனக்குத்தான் எச்சில் ஊறியது, அதை அங்கே விழுங்கலாமா கூடாதா என்று ஒரே குழப்பம்.

ஜாம்பஜார்வாசி

இன்று ஷஅபான் 26. 68 பாய் சொன்னது உறைத்தது, போனேன். பையன் இப்போது பர்மா பஜாரில் தனியாகக் கடை போட்டிருக்கிறான். லேசாகத் தாடி. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பாய், டெம்பர் கிளாஸா?" என்றான். என் போன் கண்ணாடி கீறியிருந்தது நிஜம்தான். ஆமாம் என்றுவிட்டேன். பழையதை நகத்தால் கிளப்பினான், துடைத்தான், ஊதினான், ஓரத்திலிருந்து குமிழி இல்லாமல் ஒட்டினான். நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. அந்த நேரம் பூரா வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. அதே டப்பாவா தெரியவில்லை. 150 என்றான். கொடுத்தேன். "நோன்பு ஆரம்பிச்சதும் கஞ்சிக்கு நம்ம பக்கம் வாங்க பாய்" என்றான். சரிப்பா என்று வந்துவிட்டேன்.

பெரியமேடு 68

அந்தக் கண்ணாடி 80 ரூபாய்க்கு மேல் போகாது. தெரிந்துதான் வாங்கியிருக்கிறான். நாளைக்கும் போங்கள்.