ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு: எஸ்இலினக்ஸ் பிடிபடவில்லை, வழி சொல்லுங்கள்

கேள்வி:
ரெட் ஹாட் லினக்ஸ் நிர்வாகிகளுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக்குப் படிக்கிறேன். பயனர் கணக்குகள், எல்விஎம் (வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிப்பது) எல்லாம் கைக்கு வந்துவிட்டன. லினக்ஸின் பாதுகாப்புக் கட்டுப்பாடான எஸ்இலினக்ஸ்தான் இழுக்கிறது. வெப் சர்வரான அப்பாச்சியை 82ஆம் போர்ட்டுக்கு மாற்றினால் சேவை தொடங்கவே மறுக்கிறது. எஸ்இலினக்ஸை அணைத்தால் ஓடுகிறது. தேர்வில் அப்படிச் செய்யலாமா?

பதில் 1:
தயவுசெய்து அணைக்காதீர்கள். இயக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட வைப்பதுதான் நீங்கள் கற்க வேண்டியது. 'செமேனேஜ் போர்ட்' கட்டளையால் 82ஐ, வெப் சர்வருக்கு எஸ்இலினக்ஸ் அனுமதிக்கும் எச்டிடிபி போர்ட் வகையில் சேர்த்துவிட்டுச் சேவையைத் தொடங்குங்கள், எழுந்துவிடும். கட்டளையை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தேர்வில் இணையம் கிடையாது, ஆனால் மேன் பக்கங்கள் (கணினியிலேயே இருக்கும் கட்டளைக் கையேடு) உண்டு. 'செமேனேஜ்-போர்ட்' மேன் பக்கத்தின் அடியில் கிட்டத்தட்ட இதே உதாரணம் இருக்கிறது. அதை எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும். அப்புறம் ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டை நிரந்தரமாகத் திறந்து ரீலோட் கொடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ரீபூட். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைப்பதற்குத்தான் மதிப்பெண். சேவையைத் தொடங்கினால் மட்டும் போதாது, ரீபூட்டில் தானாகத் தொடங்கும்படி 'எனேபிள்' செய்ய வேண்டும். எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் தொட்டால், அதிலுள்ளவற்றை இணைத்துப் பார்க்கும் 'மவுண்ட் -ஏ' கட்டளையை உடனே ஓட்டிப் பாருங்கள். அதில் ஒரு யூயூஐடி (வட்டுப் பகுதியின் அடையாள எண்) தப்பினாலே இயந்திரம் எமர்ஜென்சி நிலையில் போய் நின்றுவிடும், அதுவரை செய்த வேலையும் அதோடு மாட்டிக்கொள்ளும். 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி.

கேட்டவர்:
போர்ட்டைச் சேர்த்ததும் சேவை தொடங்கிவிட்டது. ரொம்ப நன்றி. ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல்லை மீட்கும்போது 'ஆட்டோரீலேபிள்' கோப்பு எதற்கு?

பதில் 1:
மீட்பு நிலையில் கடவுச்சொல்லை மாற்றினால், கடவுச்சொற்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பின் எஸ்இலினக்ஸ் முத்திரை தப்பிப்போகும், உள்நுழைய முடியாது. அதைச் சரிசெய்யத்தான்.