விரிவுரையாளர் அறையில் நமது இடம்: இலங்கையின் கிழக்கில் கற்பிக்கும் பெண்கள் மூவரின் அனுபவப் பகிர்வு

காத்தான்குடியிலிருந்து

2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், பல்கலைக்கழகங்கள் மீண்டும் திறக்கப்பட்ட வேளை அது. ஏப்ரல் 29 இல் வந்த தடை முகத்தை மூடுவதற்கு மட்டுமே. நான் ஒருநாளும் முகத்தை மூடியவளல்ல. ஆயினும் நான் கற்பித்த இடத்தின் வாயிலில், முகத்தை மறைக்காத நீள அங்கியான அபாயாவைக் காரணம் காட்டி, மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க என்னை ஓரமாக நிறுத்தினார்கள். காவலாளி மீது எனக்குக் கோபமில்லை. நெடுங்காலம் என்னோடு ஒரே மேசையில் பகல் சோறு உண்ட தமிழ் விரிவுரையாளர், கண்டும் காணாதவர் போல அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனதைத்தான் மறக்க முடியவில்லை. "இவர் எங்கள் துறை" என்று அவர் சொல்லியிருந்தால் போதும்.

பதுளையில் பிறந்தவள்

சகோதரி, உங்கள் வேதனை நியாயமானது. ஆனால் இதைத் தமிழர், முஸ்லிம் என்ற இரு பக்கமாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவளாக்கப்பட்ட மலையகத் தமிழ்ப் பாட்டியின் பேத்தி நான். தற்காலிக உதவி விரிவுரையாளராகக் கிழக்குக்கு வந்தேன். முதல் துறைக் கூட்டத்தில், என்னோடு நியமனம் பெற்ற ஆணிடம் பாடத்திட்டம் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். என்னிடம் கூட்டக் குறிப்புக் கொப்பியை நீட்டி, "பிள்ளை தோட்டப் பக்கமா? எழுத்து வடிவா இருக்குமோ?" என்றார் மூத்த பேராசிரியை. கேட்டவர் ஒரு பெண் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

கல்முனையிலிருந்து

பிரசவ விடுமுறை கேட்டபோது, "இதனால்தான் பெண்களை எடுக்கத் தயங்குகிறோம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் எனக்கு உரியவை என்பதை நானே எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் இருவரும் மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல் சட்டத்தைப் பயன்படுத்தவேண்டும். இனம், மதம், பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை தடுக்கின்றது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அக்கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன. நடந்ததைத் திகதி, நேரம், உடனிருந்தவர்களின் பெயர்களுடன் அன்றே எழுதிவையுங்கள். பதிவாளருக்குக் கடிதம் அனுப்பினால் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.

பதுளையில் பிறந்தவள்

அக்கா, உங்களுடையது நிரந்தர நியமனம். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்படி பரிந்துரைக்கவேண்டியவர் அதே பேராசிரியை. அந்த ஒரு மாதத்துக்குள் அவருக்கு எதிராகக் கையொப்பமிட எந்தத் தற்காலிக விரிவுரையாளர் துணிவார் என்று சொல்லுங்கள்.