கொடைக்கானல் பாதரசம்: கல்பாசியைச் சோதித்தால் போதுமா, ஆளைச் சோதிக்க வேண்டாமா?

மலைச்சாரல்:
கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. அப்புறம் ஐதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் அங்கே மரங்களில் இருந்து பாசியும் கல்பாசியும் எடுத்துச் சோதித்து, பாதரசம் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். நாம் குழம்புக்குத் தாளிக்கிறோமே கல்பாசி, அந்த வகைதான். அதற்கு வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் யாருக்கும் ஊசி குத்தாமலே காற்றில் என்ன கலந்திருந்தது என்று தெரிந்துவிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் ஆலையில் வேலை பார்த்த ஆட்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதனைக்கு எடுக்கச் சொல்வது எதற்கு? பாசி, மீன், மண் போதும் என்பேன்.

பட்டறைக்காரர் மகன்:
போதாது நண்பரே. ஒருவருக்குக் கை நடுங்குகிறது, காரணம் பாதரசம்தான் என்று கல்பாசியை வைத்து நிரூபிக்க முடியுமா? "மரத்தில் இருந்தது சரி, உன் உடம்பில் இருந்ததா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். என் அப்பா பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் 18 வருஷம் வேலை பார்த்தவர். வயிற்று வலி, சோகை என்று போனால் எல்லா இடத்திலும் இரும்புச்சத்து மாத்திரைதான். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், அந்த ஒரு சோதனைச் சீட்டு வந்த பிறகுதான் என்ன வியாதி என்றே எங்களுக்குத் தெரிந்தது.

மலைச்சாரல்:
அப்பாவைப் பற்றிப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கிடக்கும், பாதரசம் அப்படி இல்லை. ஆவியை மூச்சில் இழுத்தவர் வேலையை விட்டுவிட்டால், சிறுநீரில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாதியாகிவிடும். ஆலை மூடி ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எல்லாரையும் போலத்தான் காட்டும், நரம்பில் ஆன சேதமோ அப்படியே இருக்கும். அந்தச் சீட்டை நீட்டி "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்களே, அதுதான் என் பயம்.

தேன்மொழி:
நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். ஜப்பானில் மினமாட்டாவில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக ஆட்களுக்கு நரம்பு நோய் தந்தது. 1956-ல் அந்த நோய் வெளியே தெரியும் முன்பே அந்த ஊர்ப் பூனைகள் வலிப்பு வந்து செத்துக்கொண்டிருந்தன. 1959-ல் ஆலையின் டாக்டர் ஹொசொகாவா ஆலைக் கழிவுநீரைச் சாப்பாட்டில் கலந்து பூனைக்குக் கொடுத்தார், 400-ம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது, நிர்வாகம் அதை வெளியே சொல்லவில்லை. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-ல். ஆகவே, பூனையோ பாசியோ காட்டிக்கொடுத்தால் மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மலைச்சாரல் சொல்லும் கால தாமதத்துக்கும் அங்கேயே ஒரு பதில் இருக்கிறது. ஜப்பானில் குழந்தையின் தொப்புள் கொடியைக் காயவைத்துப் பத்திரமாக வைக்கும் வழக்கம் உண்டு. பிற்பாடு, மினமாட்டா நோயை ஆராய்ந்த டாக்டர் ஹராடா போன்றவர்கள் அந்தக் கொடிகளைச் சோதித்தபோது, ஆலையின் உற்பத்தி கூடிய வருஷங்களில் பிறந்த குழந்தைகளின் கொடியில் மெத்தில் பாதரசமும் (மீனில் சேரும் பாதரச வகை) கூடி இருந்தது. தாயின் வயிற்றிலேயே விஷம் ஏறியதற்கு உடம்பே சாட்சி சொன்னது. முடியும் அப்படித்தான், மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், மீன் வழியாக வந்த பாதரசத்தை மாதவாரியாகப் படிக்கலாம்.

மலைச்சாரல்:
மீன் சாப்பிட்டவருக்கு முடி சரி. கொடைக்கானல் தொழிலாளி ஆவியைச் சுவாசித்தவர், அவருக்கு முடி உதவாது, தொப்புள் கொடியும் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்?

பட்டறைக்காரர் மகன்:
அதனால்தானே ஆலை ஓடும்போதே எடுக்க வேண்டும் என்கிறேன்! வேலைக்குச் சேரும் நாளில் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, சீட்டின் நகல் அவரவர் கையில். அப்பாவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் இரண்டாவது வருஷமே வெளியே வந்திருப்பார்.

மலைச்சாரல்:
ஓடும்போது என்றால் ஒப்புக்கொள்கிறேன், நகல் தொழிலாளி கையில் இருந்தால் மட்டும். மூடிய பிறகு எடுத்த சீட்டை வைத்து ஒருவரையும் "நலம்" என்று எழுதக் கூடாது, அதில் நான் மாறவில்லை.