ஆன்டிகனி: உங்களை உறுத்திய உறவு எது?

(இந்தக் கேள்விக்குச் சிலரின் பதில்கள். ஒவ்வொரு * குறிக்குப் பின்னும் வேறொருவர் பேசுகிறார்.)

கல்லூரியில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’யை அரங்கேற்றியபோது எனக்கு ஆன்டிகனியின் சகோதரி இஸ்மேனி வேடம். இவர்களுடைய சகோதரர்கள் எட்டியோக்ளிஸும் பாலினைசிஸும் தீப்ஸ் நகர வாயிலில் ஒருவரையொருவர் கொன்று கிடக்கிறார்கள். முதலாமவனுக்கு மரியாதையோடு அடக்கம். மற்றவன் துரோகி, அவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான். அடக்கம் செய்ய வா என்று ஆன்டிகனி அழைக்க, இஸ்மேனி பயந்து மறுக்கிறாள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஒத்திகையில் என்னைக் குத்தியது, ஆன்டிகனி பிடிபட்ட பிறகு வரும் காட்சி. நானும் இதில் பங்குடையவள், உன்னோடு சாகிறேன் என்று இஸ்மேனி ஓடி வருகிறாள். ஆன்டிகனி சேர்க்க மறுக்கிறாள். நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன் என்கிறாள். நீ இல்லாமல் எனக்கென்ன வாழ்க்கை என்று இவள் கேட்டால், கிரியோனைப் போய்க் கேள், அவன்மீதுதானே உனக்கு அக்கறை என்று பதில் வருகிறது. செத்தவனுக்காக உயிரையே கொடுப்பவள், எதிரில் நிற்பவளிடம் ஒரு கனிவான சொல்லுக்குக்கூட இவ்வளவு கஞ்சத்தனம் காட்டுவாளா? தண்டனையாக உயிரோடு அடைக்கப்படக் குகைக்கு இழுத்துச் செல்லப்படும்போது, அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண்ணைப் பாருங்கள் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறாள். அரண்மனைக்குள் இஸ்மேனி உயிரோடுதான் இருக்கிறாள்!

*

என்னை உறுத்தியது ஹெய்மோன்தான். கிரியோன் ஆன்டிகனியின் தாய் ஜொகாஸ்டாவின் சகோதரன், ஆகவே அவளுக்குத் தாய்மாமன். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹெய்மோன் அவன் மகன், நம் கணக்கில் முறைமாப்பிள்ளை. இதை மனத்தில் வைத்துப் படித்தபோது கிரியோனின் ஆணை எனக்கு இன்னும் கொடூரமாகத் தெரிந்தது.

ஹெய்மோன் தந்தையிடம் காதலைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஊர் அவளுக்காக அழுகிறது, உங்கள் காதுக்கு அது எட்டாது, வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம்தான் கிளையோடு பிழைக்கும் என்று பணிவாகவே தொடங்குகிறான். இந்த வயதில் இவனிடம் நான் பாடம் கற்க வேண்டுமா என்று கிரியோன் சீறுகிறான். ஒரே மனிதனுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்று மகன் திருப்பிக் கொடுக்கிறான். நானும் என் அப்பாவும் சொத்துப் பேச்சில் இப்படித்தான் மோதினோம், அதனால் அந்தப் பக்கங்களைச் சீராகப் படிக்க முடியவில்லை.

இன்னொன்று கவனித்தீர்களா? காதலர்கள் இருவரும் மேடையில் சேர்ந்து நிற்பதே இல்லை. குகைக்குள் தூக்கில் தொங்கிய அவளை அணைத்துக்கொண்டு அவன் அழுததும், தந்தையின் முகத்தில் துப்பி வாளை வீசியதும், அது தவறியதும் தன்மீதே பாய்ச்சிக்கொண்டதும் தூதன் வாயிலாகத்தான் வருகின்றன.

*

கிரியோன்மீது எனக்குள்ள கோபம் வேறு. பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போன பின், முதலில் பெண்ணை விடுவி, பிறகு கல்லறை எழுப்பு என்று முதியோர் குழு சொல்கிறது. அவனோ பாலினைசிஸின் சடலத்தை எரித்து மண்மேடு எழுப்பிய பிறகே குகைக்குப் போகிறான். வரிசையை மாற்றாதிருந்தால் மூவரும் பிழைத்திருக்கலாம். மூன்றாவது ஆள் கிரியோனின் மனைவி யூரிடிசி. மகன் செத்த செய்தியைக் கேட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறவள், கணவனைப் பிள்ளைக்கொல்லி என்று சபித்தபடி சாகிறாள்.

*

இஸ்மேனியாக நடித்தவள் மீண்டும் எழுதுகிறேன். கணவன் போனால் இன்னொருவன், பிள்ளை போனால் இன்னொன்று, பெற்றோர் இறந்த பின் சகோதரன் மட்டும் இனிப் பிறக்கமாட்டான் என்று ஆன்டிகனி கணக்குப் போடுகிறாளே, அந்த வரிகளை எங்கள் இயக்குநர் வெட்டச் சொன்னார். அவை இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நன்றாயிருக்கும் என்று ஜெர்மன் கவிஞர் கதேவும் 1827இல் ஆசைப்பட்டாராம். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே அவை நாடகத்தில் இருந்தன. அவரே மேற்கோள் காட்டுகிறார். நான் வெட்ட வேண்டாம் என்று சண்டை போட்டேன். அந்தக் கணக்கில் சகோதரி என்றொரு வரிசையே இல்லை என்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா?