சங்கத்துக்குச் சந்தா கட்டினால் நமக்கு என்னங்க கிடைக்கும்?

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், ஈரோடு)
பெருந்துறை ரோட்டில் 60 படுக்கை தனியார் ஆஸ்பத்திரி, ஆறு வருசமா இருக்கிறேன். போன செவ்வாய் நைட் டூட்டியில் 22 பேருக்கு நானும் ஒரு புதுப் பிள்ளையும்தான். ஒரு பெரியவருக்கு ட்ரிப் தீர்ந்து ட்யூபில் ரத்தம் ஏறி நின்றதை அவர் மருமகள் சொல்லித்தான் பார்த்தேன். காலையில் திட்டு எனக்கு. நேற்று தோழி ஒருத்தி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் படிவத்தை நீட்டினாள். மே 12 செவிலியர் தினத்தன்று கேக் வெட்டுவதைத் தவிர இவங்க என்ன செய்றாங்க?

பதில் (ஓய்வு பெற்ற நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், கோவை)
கண்ணு, கேக் எனக்கும் சலித்துப்போச்சு. ஆனால் 2011இல் தனியார் நர்சுகளின் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் போனது அந்தச் சங்கம்தான். 2016இல் தீர்ப்பு வந்து, மத்திய அரசு குழு போட்டது. 50 படுக்கைக்குக் கீழே என்றால் குறைந்தது 20,000 ரூபாய்; உன்னுடையது மாதிரி 50க்கு மேல், 100 வரை என்றால் அரசு நர்ஸ் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றது குழு. வெறும் பரிந்துரைதான். கேரளத்தில் நர்சுகள் விடாமல் போராடியதால் 2018இல் 20,000 அரசாணையாகவே வந்தது.

ஆள் எண்ணிக்கைக்கு அமெரிக்காவைப் பார். அங்கே நர்சிங் ஆராய்ச்சிக்குத் தனி மையம் கேட்டு நர்ஸ் சங்கங்கள் நாடாளுமன்றத்தில் நடையாய் நடந்தன. அந்த மசோதாவை அப்போதைய அதிபர் ரீகன் மறுத்தும், 1985இல் அதை மீறிச் சட்டமாக்கினார்கள். அந்த மையத்திடம் பணம் வாங்கிப் பென்சில்வேனியாவில் செய்த ஆய்வு 2002இல் வந்தது: ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் 1999இலேயே சட்டம் போட்டு 2004இல் அமலாக்கினார்கள்; இப்போது பொது வார்டில் ஒருத்திக்கு 5 பேர்தான். உங்கள் இரண்டு பேருக்கு 22! ஒவ்வொரு நைட்டும் எத்தனை பேர், எத்தனை நர்ஸ் என்று எழுதி வை.

பதில் (ஆண் நர்ஸ், திருப்பூர்)
அக்கா சொல்றது சரிங்க. ஆனால் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆள் கேட்டு மனுவில் முதல் கையெழுத்து நான் போட்டேன். அடுத்த மாதம் முழுக்க எனக்கு நைட். கூடக் கையெழுத்துப் போட்ட நாலு பேரும் மெல்ல நழுவிட்டாங்க. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் மாதம் 7,700 ரூபாய் வாங்கிய அரசு ஒப்பந்த நர்சுகள் கூட்டமாக உட்கார்ந்ததால்தான் அரசு பேச வந்தது. தனியாக மாட்டிக்காதீங்க. ஆஸ்பத்திரிப் பேப்பரைப் போட்டோ எடுக்காதீங்க, நோயாளி பேரும் எழுதாதீங்க.

கேட்டவர்
பேர் எழுதலைங்கண்ணா. வீட்டில் பால் கணக்கு நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில் ஆரம்பித்துவிட்டேன். நேற்று 19 பேர், நாங்கள் இரண்டு. அந்தப் புதுப் பிள்ளையும் ஒரு படிவம் கேட்கிறாள். சந்தா எவ்வளவுங்க அக்கா?