இணைய மோசடிக்கு எந்தக் குற்றவியல் கோட்பாடு பொருந்தும்?

வணக்கம் நண்பர்களே. குற்றவியல் பாடத்துக்காக இணையப் பண மோசடி பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், உதவி தேவை.

வீடு புகுந்து திருடுவதை விளக்க, குற்றவியல் ஆய்வாளர்கள் கோஹனும் ஃபெல்சனும் 1979-இல் முன்வைத்த அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாடு கச்சிதமாக இருக்கிறது. திருடத் துணிந்தவன், கைக்கெட்டும் பொருள், காவலுக்கு ஆளில்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால் குற்றம் நடக்கும். சரி, ஓடிபி கேட்டு ஏமாற்றுபவனும் ஏமாறுபவரும் ஒரே இடத்திலேயே இல்லையே! அங்கே இடம் எது, காவல் யார்? வங்கியா, செயலியா?

அப்புறம், மோசடிக்காரர்கள் கும்பலாகச் சேர்ந்து பேச்சுத் தந்திரம் பழகுவதைப் பார்த்தால், குற்றமும் பிறரிடம் கற்றுக்கொள்வதுதான் என்ற குற்றவியலாளர் சதர்லாந்தின் கருத்து இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இரண்டையும் இணைத்து எழுதலாமா? ஏமாந்தவர் மீதே பழிபோடும் விளக்கம் மட்டும் வேண்டாம். இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டுங்கள்.